சிகாகோவில் அழ இரண்டு நாள்

அழுவதற்கு அனுமதி வந்துவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாள். இடம் சிகாகோ.

பொதுச் சமையல்கூடத்தின் சுவர்த்திரையில் அந்தச் செய்தி வந்தபோது தெய்வானை காளான் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து படித்தாள். கை ஈரமாக இருந்ததால் முழங்கையால் திரையைத் தொட்டு 'சரி' என்று பதில் அனுப்பிவிட்டு, மிச்சக் காளானையும் நறுக்கி முடித்தாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தோஷப்படுவதற்கான அனுமதியும் அந்த இரண்டு நாளுக்குள்தான் அடக்கம்.

நிலவின் அமைதிக்கடல் குடியிருப்பில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. குடியிருப்பு கட்டிய புதிதில் ஒருவன், மனைவியோடு போட்ட சண்டையில் கோபம் தலைக்கேறிக் காற்றுக்கதவை எட்டி உதைத்துவிட்டான். பூமியில் கதவை உதைத்தால் கால் வலிக்கும். நிலவில் உதைத்தால் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து செத்துப்போவார்கள். அப்படித்தான் ஆயிற்று. அதற்குப் பிறகு நிர்வாகம் ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் மிளகு அளவில் ஒரு மணியைப் பதித்தது. அதன் பெயர் தணிப்பி. கோபம், துக்கம், பயம் மூன்றையும் பொங்கவிடாமல் சிம்மில் வைத்திருக்கும். சந்தோஷத்தை மட்டுமாவது விட்டுவைக்க முடியுமா என்று பார்த்தார்கள், முடியவில்லை. எல்லாம் ஒரே அடுப்புதான் போலிருக்கிறது.

மணியில் பச்சை விளக்கு எரிந்தால் மூடியிருக்கிறது என்று பொருள். பூமிக்கு விடுப்பில் போகிறவர்களுக்கு மட்டும், வழியில் உள்ள இடைத்தளத்தில் அதைத் திறந்துவிடுவார்கள். திரும்பி வரும்போது மறுபடி மூடிவிடுவார்கள். பூமியில் கதவுகள் உறுதியானவை, ஆளுக்கு ஆள் அழலாம், உதைக்கலாம்.

தெய்வானைக்கு அழ வேண்டிய காரணம் ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் மதியரசு.

நிலவில் பிறந்த முதல் தலைமுறையில் பாதிப் பிள்ளைகளுக்கு 'மதி' என்று தொடங்கும் பெயர்தான். பெற்றவர்களுக்கு அவ்வளவுதான் கற்பனை. தெய்வானையின் மகன் மதியரசு படிப்பதற்காகப் பூமிக்கு, சிகாகோவுக்குப் போனான். நிலவில் வளர்ந்த இதயம் பூமியின் எடையைச் சில வருடங்கள் சுமந்து பார்த்தது. பிறகு ஒருநாள் அவன் மிச்சிகன் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருக்கும்போது நின்றுபோயிற்று. சாம்பலை அந்த ஏரியிலேயே கரைத்துவிட்டதாக அவனுடைய நண்பர்கள் படம் அனுப்பினார்கள்.

செய்தி வந்த அன்றும் தெய்வானை காளான்தான் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டாள். 'அப்படியா' என்றாள். நறுக்கி முடித்தாள். கணவர் நாச்சிமுத்து காற்றுப் பம்பு நிலையத்தில் தன் முறையை முடித்துவிட்டு வழக்கமான நேரத்துக்கு வீடு வந்தார். இருவரும் சாப்பிட்டார்கள். தணிப்பி எவ்வளவு நல்ல கருவி என்று பக்கத்து வீட்டு ரங்கநாயகி ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கு ஒன்றரை வருடம் கழித்து இப்போதுதான் விடுப்பு கிடைத்திருக்கிறது. பயணத்துக்குத் திட்டம் போடும் பொறுப்பை நாச்சிமுத்து எடுத்துக்கொண்டார். நிலவில் காற்றோ தண்ணீரோ பம்பு இல்லாமல் ஓர் அடி நகராது. பம்பு என்று வந்துவிட்டால் கோயம்புத்தூர்க்காரர்கள் இல்லாமலா? அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்த நிலையம் அவர்கள் கையில்தான். நேரம் வீணாகாமல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவது அவருக்குப் பிறவியிலேயே வந்த பழக்கம். வீட்டுச் சுவர்த்திரை முழுக்கச் சிகாகோவை விரித்துவைத்தார்.

"தெய்வான, இங்க வந்து பாரு. சனிக்கெழம காலைல எறங்குன ஒடனே டெவான் ரோட்டுல நம்மாளுங்க கடைல இட்லி. அங்கிருந்து ரயிலு. தூணு மேல ஓடுது, கட்டடத்துக்கு நடுவால பூந்து போகுதாமா. அதுல ஒரு சுத்து. பொறவு ஆறு."

"ஆத்துல என்னங்க இருக்குது?"

"அந்த ஆத்தையே திருப்பி வுட்டிருக்கறானுங்க புள்ள! ஏரிக்குள்ள போயிட்டிருந்த தண்ணிய, ஏரிலிருந்து வெளிய போற மாதிரி. அந்தக் காலத்துலயே! அதைப் பாக்காம வந்தா நம்மளப் பம்புக்காரன்னு எவஞ் சொல்லுவான்?"

"ஏரி எப்பங்க?"

"ஏரி எங்க போயிருது? ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்கு வெச்சிருக்கறன். எல்லாத்தையும் முடிச்சுப்போட்டு நிம்மதியாப் போலாம்."

தெய்வானை திரையைப் பார்த்தாள். உயரமான கோபுரம், அருங்காட்சியகத்தில் ராட்சதப் பல்லியின் எலும்புக்கூடு, அவரை விதை மாதிரி வளைந்து பளபளக்கும் ஒரு பெரிய கண்ணாடிச் சிற்பம், எல்லாவற்றுக்கும் கடைசியில் சின்னதாக ஏரி.

"எனக்கு மத்ததெல்லாம் வேண்டாமுங்க. ஒரே ஒரு தடவ பையனுக்காக அழுதுபோட்டு வரோணும். அவ்வளவுதானுங்க."

"அதுக்குத்தான போறம்" என்றார் நாச்சிமுத்து. சொல்லிவிட்டு ஏரிக்கு முன்னால் ஒரு படகுச் சவாரியைச் சேர்த்தார்.

ரங்கநாயகி போன வருடம் சிகாகோ போய்வந்தவள். கோபுரத்தின் உச்சியில் கண்ணாடித் தரை இருக்கிறது, அதன்மேல் நின்று படம் எடுக்காமல் வந்தால் போனதற்கே அர்த்தமில்லை என்றாள். நாச்சிமுத்து அதையும் சேர்த்தார். ஏரி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. அடுத்த நாள் சிகாகோவிலிருந்து குழந்தைவேலு திரையில் வந்தார். நாச்சிமுத்துவின் சித்தப்பா மகன்.

"அண்ணா, எங்கூருக்கு வந்துபோட்டு எங்கூட்டுக்கு வராமப் போனீங்கன்னா பொறவு பேச்சே இல்ல, பாத்துக்கோங்க. ஞாயித்துக்கெழம மத்தியானம் சோறு இங்கதான். மதி மாசத்துக்கு ஒருக்கா வந்து தின்னுபோட்டுப் போன ஊடு அண்ணா இது."

சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாட்டை மறுக்கும் கருவியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏரி, மத்தியானத்திலிருந்து சாயங்காலத்துக்குப் போயிற்று. தணிப்பி பதித்த மனிதனுக்குப் பயமே தெரியாது என்பார்கள். நாச்சிமுத்து ஏரியைத் தள்ளித் தள்ளி வைத்ததைப் பார்த்தால் நமக்கு அப்படித் தோன்றாது. ஆனால் அமைதிக்கடலில் யாருக்கும் இப்படியெல்லாம் யோசித்துப் பார்க்கத் தோன்றுவதில்லை.

கிளம்புவதற்கு முன் பெட்டிகளை அவரே ஒட்டுநாடாவால் சுற்றினார். சுற்றி முடித்ததும் நாடாவின் நுனியை உள்பக்கமாக ஒரு விரல் அகலத்துக்கு மடித்து ஒட்டினார். அவர் எதை ஒட்டினாலும் அப்படித்தான். அடுத்து பிரிக்கிறவன் நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்க வேண்டாம், மடிப்பைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும் என்பார். பம்பு நிலையத்தில் இதைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. அவரைத் தவிர அப்படி மடிக்கிறவரும் கிடையாது.

வெள்ளிக்கிழமை இடைத்தளத்தில் வரிசையில் நின்றார்கள். திறக்கும் அறையில் சுகிர்தா என்ற இளம்பெண் இருந்தாள். ஒரு கோலைக் காதுக்குப் பின்னால் வைத்து எடுத்தாள். பச்சை விளக்கு அணைந்தது.

"திறந்தாச்சுங்க. அழுகை வந்தா அடக்காதீங்க. சண்டை வந்தா மட்டும் கொஞ்சம் அடக்கிக்குங்க, இது இன்னும் பூமி இல்ல."

அவள் சொன்னது சரிதான். வெளியே நடைபாதையில் விளக்கு அணைந்த ஒரு கணவனும் மனைவியும் அதற்குள் பழைய பாக்கிகளை ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கிழவர் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்துவுக்கு உள்ளங்கை வியர்த்தது, அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். தெய்வானை ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தாள். அவளுக்குப் பசிக்க மட்டும் செய்தது.

சனிக்கிழமை காலை சிகாகோவில் இறங்கியபோது உடம்பு ஆறு மடங்கு கனத்தது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தாங்குசட்டகம் மாட்டிக்கொண்டு, திருவிழாத் தேர் மாதிரி அசைந்து அசைந்து நடந்தார்கள். இட்லி சாப்பிட்டார்கள். தூண்மேல் ஓடும் ரயிலில் சுற்றினார்கள். ஆற்றங்கரையில் நாச்சிமுத்து தண்ணீர் போகும் திசையை வெகுநேரம் பார்த்துவிட்டு, 'கெட்டிக்காரனுங்கதான்' என்றார். கண்ணாடித் தரைமேல் கால் வைத்ததும் 'ஐயோ' என்று அலறிவிட்டு, அலறியதற்காக விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. தெய்வானை அதைப் படம் எடுத்துக்கொண்டாள். கீழே கார்கள் அரிசிமணி மாதிரி ஓடின. அவளும் அதே கண்ணாடிமேல்தான் நின்றாள். பயம் வரவில்லை. எல்லாம் ஏரிக்கரையில் மொத்தமாக வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு மத்தியானம் குழந்தைவேலு வீட்டைச் சுற்றிக் காட்டினார். கார் நிறுத்துமிடம், இரண்டு குளிர்சாதனப் பெட்டி, வெயில் காலத்தில் வெளியேயும் பனிக் காலத்தில் உள்ளேயும் இருக்கும் கறிவேப்பிலைச் செடி என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். செடியை எல்லோரும் தொட்டு வணங்காத குறைதான். பிறகு இலை போட்டார்கள். தெய்வானைக்குக் குழந்தைவேலுவின் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஆண்கள் இருவரும் வீட்டுக்கு அடியில் இருந்த நிலவறைக்குப் போனார்கள். மழை பெய்தால் அந்த ஊர் வீடுகளில் நிலவறைக்குள் தண்ணீர் ஊறும். அதை வெளியே தள்ளத் தரைக்குழியில் ஒரு பம்பு இருக்கும். பம்பு என்று கேட்டுவிட்டு நாச்சிமுத்துவால் சும்மா இருக்க முடியாது.

"ஒரு வருசம் ரிப்பேராக் கெடந்துதுங்கண்ணா. ஆளக் கூப்புட்டா வரமாட்டேங்கறான். மதிதான் கடைசியா வந்தப்ப உக்காந்து சரி பண்ணிக் குடுத்தான். இன்னி வரைக்கும் ஒரு தொந்தரவு இல்ல."

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். மோட்டாரிலிருந்து வரும் கம்பியில் கறுப்பு நாடா சுற்றியிருந்தது. நுனி உள்பக்கமாக ஒரு விரல் அகலம் மடிந்திருந்தது.

அவர் அந்த மடிப்பை விரலால் தொட்டார். சட்டகத்தோடு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தார். அவரிடமிருந்து வந்த சத்தம் மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முதலில் பம்பு ஓடுகிற சத்தமாகத்தான் கேட்டது. தெய்வானை எச்சில் கையோடு இறங்கி வந்தபோது அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, கண்ணு" என்று கதறிக்கொண்டிருந்தார். மூக்கு ஒழுகியது. குழந்தைவேலு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதார்.

தெய்வானை படியில் நின்று பார்த்தாள். பாவமாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வந்தது பொறாமைதான், அதுவும் கொஞ்சம்தான். 'எனக்கு இன்னும் ஏரி பாக்கி இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டாள்.

அவர் தேறி எழுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. அவர்கள் திரும்பிப் போக வேண்டிய கலம் கிளம்புவதற்குக் கொஞ்ச நேரமே இருந்தது. குழந்தைவேலு காரை வேகமாக ஓட்டி அவர்களை ஏரிக்கரையில் விட்டார். மதியரசு விழுந்த இடத்தைக் காட்டினார். சாதாரண நடைபாதை. பக்கத்தில் ஒரு பெஞ்சு. கடல் மாதிரி தண்ணீர். நாச்சிமுத்து பெஞ்சில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டே இருந்தார். தெய்வானை தண்ணீருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். காற்று முகத்தில் அடித்தது. மகனுடைய முகத்தை நினைத்தாள், அவன் நடக்கப் பழகியபோது நிலவின் மெல்லிய ஈர்ப்பில் கூரைவரை எம்பி எம்பிக் குதித்ததை நினைத்தாள். வா, வா என்று அழுகையை உள்ளுக்குள் கூப்பிட்டாள். சற்றுத் தள்ளி ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கீழே விழுந்ததற்காகத் தரையில் புரண்டு அழுதது. தெய்வானை அதை உற்றுப் பார்த்தாள். அதற்குள் நேரமாகிவிட்டது என்று குழந்தைவேலு கூப்பிட்டார்.

திரும்பும் வழியில் இடைத்தளத்தில் முதலில் நாச்சிமுத்துவை உள்ளே அழைத்தார்கள். கலத்தில் வரும்போதெல்லாம் அழுதுகொண்டே வந்தவர், சுகிர்தாவின் கோல் காதுக்குப் பின்னால் பட்டு விளக்கு பச்சையானதும் நீளமாக ஒரு மூச்சு விட்டார். முகத்தைத் துடைத்தார்.

"அப்பாடா. இப்பப் பரவால்ல" என்றார். "தாங்க முடியலீங்கம்மா. நல்லவேளை, இது இருக்குது." வெளியே போய்ப் பெட்டிகளை எண்ணத் தொடங்கினார்.

அடுத்து தெய்வானை. அவள் உட்காரவில்லை.

"நான் புகார் குடுக்கோணும். நீ என்ற மணிய ஒழுங்காத் தொறக்கல அம்மணி. அவரு அழுதாரு, வெளிய நிக்கறவிய எல்லாரும் அழுதிருக்காங்க. எனக்கு மட்டும் ஒண்ணுமே வரல. பெத்தவ நானு. ஒன்றரை வருசம் காத்திருந்து போயிட்டு வந்திருக்கறன். மறுபடியும் தொறந்து வுட்டு, ஒரு நாளாச்சும் திருப்பி அனுப்போணும்."

சுகிர்தா கோலைக் கீழே வைத்தாள். இந்த வேலைக்கு வந்த நாள் முதல் யாரும் அவளிடம் புகார் என்று வந்ததில்லை. புகார் வந்தால் என்ன சொல்வது என்று அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"உக்காருங்கம்மா. திறக்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்லைங்க. தணிப்பி எல்லாமே செத்துப்போச்சு. அதுல இருந்த மின்கலம் தீர்ந்து பல வருசம் ஆச்சு, செஞ்சுட்டிருந்த கம்பெனியும் இப்ப இல்ல. விளக்குக்குத் தனி மின்கலம், அது மட்டும் எரியும். நான் விளக்கைத்தான் போட்டு அணைக்கிறேன்."

"எல்லார்துமா?"

"எல்லார்தும். குடியிருப்பே அழுது பொரளும், கதவெல்லாம் உடையும்னு நிர்வாகத்துல பயந்துட்டு இருந்தாங்களாம். ஒண்ணும் நடக்கல. ஒருத்தருக்கும் வித்தியாசமே தெரியல. சரி, இப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க."

தெய்வானை மெல்ல உட்கார்ந்தாள்.

"என்ற பையன் போன அன்னிக்கு?"

சுகிர்தா கீழே வைத்த கோலை மறுபடி கையில் எடுத்தாள்.

"அன்னிக்கு இது வேலை செஞ்சுதா இல்லையா, அதைச் சொல்லு."

"இல்லைங்கம்மா. அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிருச்சு."

"பொறவு எப்படி நான் அன்னிக்குக் காளான் நறுக்குனேன்?"

சுகிர்தா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். "எங்க சித்தி பூமியிலதாம்மா இருக்காங்க. சித்தப்பா தவறிப் போய் மூணாம் நாளே ஆபீசுக்குப் போயிட்டாங்க. வர்ற லீவுக்கு எங்கெங்க சுத்திப் பாக்கலாம்னு இப்ப எனக்குத் தினமும் படம் அனுப்பிட்டு இருக்காங்க. அவங்க காதுக்குப் பின்னால ஒண்ணுமே கிடையாதுங்கம்மா."

வெளியிலிருந்து நாச்சிமுத்துவின் குரல் கேட்டது. பெட்டிகளை ஏற்றுகிறவனிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நிதானமான, பழைய குரல். இத்தனை நேரம் அழுத மனிதர் அவர்தான் என்று சொன்னால் நம்ப முடியாது. தெய்வானை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பச்சை விளக்கை நம்பித்தான் அவர் இப்போது நின்றுகொண்டிருக்கிறார். அது பொய் என்று தெரிந்தால் அந்த நிலவறையை விட்டு அவர் இனிமேல் ஏறி வரவே மாட்டார்.

"அவருகிட்ட இதைச் சொல்லிப்போடாத அம்மணி."

"சொல்ல மாட்டேங்க."

தெய்வானை தலையைச் சாய்த்து, காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"என்றதையும் மூடி வுட்ரு."

"அம்மா, அதுல ஒண்ணும் இல்லைன்னு இப்பத்தானே சொன்னேன்?"

"கேட்டுதும்மா. வெளக்கப் போட்டு வுடு."

கோல் பட்டது. பச்சை எரிந்தது. வெளியே வந்ததும், அவள் கலத்தில் வரும்போதே சொல்லியிருந்த புகாரை வாங்கிக்கொண்டார்களா என்று நாச்சிமுத்து கேட்டார். கருவியில்தான் ஏதோ கோளாறாம், அடுத்த தடவைக்குச் சரியாகிவிடும் என்றாள் தெய்வானை.

"பாத்தியா, நானும் அதான் நெனச்சேன்" என்றார் அவர். "அடுத்த லீவுக்கு நியூயார்க் போலாம் புள்ள. அங்க ஏரி கெடையாது, கடலே இருக்குது. இப்பவே திட்டம் போட ஆரம்பிச்சாத்தான் ஆகும்."

வீடு திரும்பிய மறுநாளே அவர் திரையில் நியூயார்க்கை விரித்துவிட்டார். தெய்வானை சமையல்கூடத்துக்குக் கிளம்பினாள். கதவருகே தண்ணீர்க்குழாயில் லேசாகக் கசிந்த இடத்தில் நாச்சிமுத்து காலையில்தான் நாடா சுற்றியிருந்தார். நுனி உள்பக்கமாக ஒரு விரல் அகலம் மடிந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். தொண்டைக்குக் கீழே ஏதோ ஒன்று அசைந்து மேலே வரப் பார்த்தது.

தெய்வானை சட்டென்று காதுக்குப் பின்னால் கை வைத்துப் பார்த்தாள். மணி வெதுவெதுப்பாக இருந்தது. விளக்கு எரிகிறது.

அவள் வேலைக்குப் போனாள். அன்றைக்குக் காளான் நிறைய வந்திருந்தது.